முந்திப் பிறந்த சிசுவும் நமது அஹிம்சையும்

குறை மாதத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறும் சிசுவுக்குக் கன்றின் நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தைச் செலுத்த ஜைன இல்லறத்தார் இசையலாமா? மருத்துவமனையில் இசைவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தந்தைக்கு விடை காணச் சில நிமிடங்களே கிடைக்கும். ஆதலின் அமைதியாக இருக்கும் காலத்திலேயே இதனை ஆராய்ந்து வைப்பது நலம்.

முதலில் உடலின் இயல்பை அறிவோம். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதைப்போல், மூச்சு விடுந்தோறும் இவ்வறைகள் ஒட்டிக்கொள்ள முனையும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் எனப்படும் கொழுப்புப் பூச்சு. சோப்பு நீரில் குமிழி நிலைப்பதற்கு உரிய காரணமே இதற்கும் காரணம். கருவில் ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் ஊறத் தொடங்கும் இப்பூச்சு, 35ஆம் வார அளவில்தான் போதுமானதாகிறது. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற எங்கள் விருத்தாசலத்தில், ஈரம் உலராத கலத்தை எவரும் சூளையில் ஏற்றார். முந்திப் பிறக்கும் சிசுவின் நுரையீரலோ, பக்குவம் எய்தும் முன்னரே உலகக் காற்றை ஏற்க நேரிடுகிறது.

இப்பூச்சின் குறையே நோயின் காரணம் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் என்னும் இருவர் கண்டறிந்தனர். ஆயினும் 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன், சுமார் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் இந்நோயால் இறந்தான். செல்வமும் அதிகாரமும் அன்று உதவவில்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பெற்ற மருந்தைப் பத்துச் சிசுக்களுக்கு அளித்து நற்பயன் கண்டார். இன்றும் மாடு, பன்றி ஆகியவற்றின் நுரையீரலிலிருந்து பெறும் மருந்துகளே பெரிதும் வழக்கில் உள்ளன. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செயற்கை மருந்து ஒன்று, சில ஆண்டுகளிலேயே விற்பனையிலிருந்து நின்றுபோயிற்று.

இனி அறநூல் நெறியில் நின்று நோக்குவோம். பத்துப் பிராணன்களுள் சுவாசோச்சுவாசமும் ஒன்று. சிசுவுக்குப் பத்துப் பிராணன்களும் உண்டு; கன்றுக்கும் அவ்வாறே. ஆகவே ஓர் உயிர் உயர்ந்தது, மற்றோர் உயிர் தாழ்ந்தது என்று கூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு இடமில்லை. "இறைச்சிக்காகக் கொன்ற விலங்கின் உறுப்புத்தானே, மருந்துக்காகக் கொல்லவில்லையே" என்பாரும் உளர். இதே சமாதானத்தை ஊன் உண்பார் கூறும்போது நாம் ஏற்றதில்லை. மருந்துக்கு மட்டும் எவ்வாறு ஏற்பது?

"ஆயுள் கருமம் முடிந்தால் எவரால் காக்க இயலும்? விட்டுவிடலாமே" என்று வேறு சிலர் கூறுவர். இதுவும் பொருந்தாது. இடையில் குறைக்கப்படாத ஆயுள் உடையோர் இன்னின்னார் என உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்துள்ளார். தேவர், நாரகர், அதே பிறவியில் வீடுபெறும் உத்தம தேகத்தார், எண்ணற்ற ஆண்டு வாழும் போகபூமியார் ஆகியோரே அவர்கள். நம்போன்ற எளிய மாந்தர் அவ்வரிசையில் இல்லை. நமது ஆயுள் புறக்காரணங்களால் குறையக்கூடும் என்றால், அக்காரணங்களை விலக்க முயல்வது நமது கடமையே ஆகும்.

துறவியின் மகாவிரதம் வேறு, இல்லறத்தாரின் அணுவிரதம் வேறு. இல்லறத்தார் சங்கல்ப ஹிம்சையை, அதாவது கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்வதை, அறவே விட வேண்டியவர். நாவின் சுவைக்காக ஊன் உண்பவனுக்கு வேறு உணவு உண்டு. இச்சிசுவுக்கோ அந்நேரத்தில் வேறு வழியில்லை. எனவே இசைவதே தக்கது என்பது என் துணிபு. ஆயினும் அதில் பாவமே இல்லை என்று கூறமாட்டேன். பிள்ளைப் பாசமும் ராகமே. வருத்தத்தோடு இசைந்து, பின் பிராயச்சித்தம் செய்துகொள்வதே நேர்மை.

இதனினும் முக்கியமானது வேறொன்று உண்டு. கவனமின்மையால் உயிருக்கு இழைக்கும் தீங்கே ஹிம்சை என்பது உமாசுவாமிகளின் இலக்கணம். பிரசவ வலி முன்னதாகக் கண்ட தாயை உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், டெக்சாமெத்தசோன் ஊசி 12 மணிக்கு ஒன்றாக நான்கு முறை போடப்படும். அது கருவின் நுரையீரலை விரைந்து பக்குவப்படுத்தும். 24 முதல் 34 வாரம் வரையிலான கருவுக்கு இதனை அளிக்க இந்திய அரசு 2014இல் நெறிமுறை வகுத்தது. மலிவான மருந்து, விலங்கின் உடலிலிருந்து எடுப்பதும் அன்று. ஆயினும் இம்முறையும் 1969இல் லிகின்ஸ் என்பார் நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிகளைக் கொண்டு செய்த சோதனையிலிருந்தே பிறந்தது. அவ்வுயிர்களுக்கும் நாம் கடன்பட்டவர்களே.

அடுத்தது தாயின் மார்பு. பிறந்தவுடனேயே சிசுவைத் தாயின் மார்பில் உடலோடு உடலாக அணைத்து வைக்கும் முறையை ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள சிசுக்களில், நிலை சீரான பின்னரே அணைக்கப்பட்டோருள் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தனர். உடனே அணைக்கப்பட்டோருள் 12 பேரே இறந்தனர். இந்தியாவில் இவ்வாராய்ச்சி நடந்த இடம் புதுதில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. அதனோடு இணைந்த கல்லூரி பகவான் வர்த்தமான மகாவீரரின் திருநாமத்தைத் தாங்கியுள்ளது என்பது நமக்கு உவகை தருவது.

ஆகவே நம் குடும்பத்தார் செய்யத்தக்கன இவை: கருவுற்ற மகளிரை நீண்ட உபவாசத்தில் இருத்தாதீர்கள். முன்கூட்டியே வலி கண்டால் நல்ல நேரம் பார்த்துக் காத்திராதீர்கள். ஏழைத் தாய்மாருக்கு வண்டிச் செலவும் மருந்துச் செலவும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஔஷததானமும் அபயதானமும் ஒருங்கே செய்த புண்ணியம் அதனால் கிட்டும். இத்தனையும் செய்த பிறகும் கன்றின் மருந்து தேவைப்படுமாயின், கைகூப்பி அவ்வுயிரிடம் மன்னிப்பு வேண்டிக் கையெழுத்திடுங்கள்.

வளர்க ஜினதருமம்!