ஈரத்துணியின் கீழ்

வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

சிறியவன் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறான். பெரியவளும் விடுகிறாள். சூடு என்கிறான் அவன். இல்லை என்கிறாள் இவள்.

35 முதல் 40 டிகிரி வரை. ஏறக்குறைய உடம்பின் சூடு. விரல் ஒன்றும் சொல்லாதபோது நீர் சரியாக இருக்கிறது.

*

ஒரு சிட்டிகை சர்க்கரை. ஒன்றரைத் தேக்கரண்டி ஈஸ்ட். பழுப்பு மணிகள் நீரின் மேல் மிதக்கின்றன. சில அமிழ்கின்றன. சில அமிழவில்லை.

ஒரு கிராமில் ஆயிரம் கோடி அளவில் உயிர்கள். எண்ணைக் கேட்டதும் பெரியவள் கரண்டியைக் கிண்ணத்தில் இடிக்காமல் எடுக்கிறாள்.

"உறங்குதா?"

"உறங்குது."

"எழுப்பியாச்சா?"

கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு குமிழி. அதன் பக்கத்தில் இன்னொன்று.

*

60 டிகிரியை நெருங்கினால் அவை செத்துப்போகும்.

அதை இப்போது சொல்லவில்லை. அடுக்களையின் மறுமூலையில் ஓவன் இருக்கிறது.

*

அரைக் கிலோ மைதா. 10 கிராம் உப்பு. நடுவில் ஒரு குழி. குழிக்குள் 300 மில்லி நீர், நுரையோடு.

அளவு இவ்வளவுதான்.

*

சிறியவனின் கை மாவுக்குள் போகிறது. விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன. முகம் சுளிக்கிறது. கையை வெளியே எடுக்க மனமில்லை. உள்ளே வைத்திருக்கவும் மனமில்லை.

இன்னும் கொஞ்சம் மைதா தூவலாம் என்று என் கை டப்பா வரை போகிறது. அங்கேயே நிற்கிறது.

ஒட்டுகிற மாவு பிசையப் பிசைய ஒட்டாமல் ஆகும். தூவினால் உடனே ஒட்டாது, ஆனால் வெந்த பிறகு வறண்டிருக்கும்.

டப்பாவை மூடி வைக்கிறேன்.

*

தள்ளுவது. மடிப்பது. திருப்புவது. மறுபடி தள்ளுவது.

மைதாவில் இரண்டு புரதங்கள். குளூட்டெனின், கிளையடின். நீர் பட்டதும் ஒன்றையொன்று பற்றி வலையாகின்றன. ஒன்று மாவை நீளவிடுகிறது. மற்றொன்று நீண்டதைத் திரும்ப இழுக்கிறது.

உள்ளங்கைக்கு இந்தப் பெயர்கள் தெரியாது.

"இது என்னத் தள்ளுது" என்கிறான் சிறியவன்.

*

பலகையில் மாவு விழும் சத்தம். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. நிற்கிறது. மோட்டார் நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்தது காதுக்குத் தெரிகிறது.

தோளில் வலி. வலி இருக்கிறது, அவ்வளவுதான்.

*

பெரியவள் ஒரு துண்டு மாவைக் கிள்ளி, விரல்களுக்கிடையே விரிக்கிறாள். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். மாவு மெலிகிறது, இன்னும் மெலிகிறது, கிழியவில்லை.

அதன் வழியே வெளிச்சம் வருகிறது. தென்னை தெரியவில்லை. தென்னையின் அசைவு தெரிகிறது.

*

உருண்டை. எண்ணெய் தடவிய கண்ணாடிப் பாத்திரம். ஈரத்துணி.

இனிக் கைக்கு வேலை இல்லை.

*

ஒரு மணி நேரம் என்கிறது குறிப்பு. நாகர்கோவிலில் மழைக்காலம். இன்னும் கொஞ்சம் கூடலாம்.

சிறியவன் துணியைத் தூக்கிப் பார்க்கிறான். மூடுகிறான். தூக்குகிறான்.

"வளரவே மாட்டேங்குது."

பெரியவள் பேனாவை எடுத்துவந்து, மாவு இருக்கும் மட்டத்தில் பாத்திரத்தின் வெளியே ஒரு கோடு போடுகிறாள். கோட்டைப் போட்டதும் அவளுக்கு நிம்மதி. எழுந்து போய்விடுகிறாள்.

*

துணி ஒன்று கையில் அகப்படுகிறது. மேடையைத் துடைக்கிறேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறேன்.

சும்மா இருக்கக் கை அறியவில்லை.

துணியைக் கொடியில் போடுகிறேன். கை இப்போது மடியில் இருக்கிறது. கனமாக இருக்கிறது.

*

ஆச்சி வாசற்படியில் நின்று மூக்கை நிமிர்த்துகிறார்.

"ஆப்பத்துக்குக் கள்ளு ஊத்துன வாசம்லா இது."

ஆமாம். கள்ளைப் பொங்கவைப்பதும் இந்த இன ஈஸ்ட்தான். பாளையிலிருந்து கலயத்துக்குச் சொட்டும் இனிப்பு நீரில் அது தானாக வந்து சேர்கிறது. யாரும் அழைப்பதில்லை.

1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அதன் பிறகு இந்த வீட்டு ஆப்ப மாவுக்கும் பாக்கெட் ஈஸ்ட். ருசி போய்விட்டது என்பார் ஆச்சி. இன்று அதைச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொள்கிறார்.

எந்த அடுக்களையில் இருக்கிறாரோ.

*

சிறியவன் தரையில் குப்புறப் படுத்திருக்கிறான். சிமென்ட் தரையின் குளிர்ச்சி கன்னத்தில். முதுகு ஏறுகிறது. இறங்குகிறது.

மழை வருமா என்று ஒரு நினைப்பு. கொடியில் துணி இருக்கிறது என்று இன்னொன்று. இரண்டும் போகின்றன.

*

மாவு கோட்டுக்கு மேலே இருக்கிறது.

எப்போது ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை.

பெரியவள் விரலால் அழுத்துகிறாள். குழி விழுகிறது. குழி மெல்ல மேலே வருகிறது. பாதி வந்ததும் நின்றுவிடுகிறது. போதும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

*

தக்காளியை வேகவைக்கவில்லை. கையாலேயே நசுக்குகிறார்கள். சாறு முழங்கை வரை வழிகிறது. நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு அதிகம். இருக்கட்டும்.

தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. ஏதோ ஒரு கப்பல் நேபிள்ஸ் கரைக்கு. ஏதோ ஒரு கப்பல் இந்தக் கரைக்கு.

*

ஆரிகானோ தீர்ந்திருக்கிறது. பின்வாசல் தொட்டியில் கற்பூரவள்ளி. இரண்டு இலை கிள்ளினால் விரலில் அதே வாசம். கார்வக்ரால் என்ற எண்ணெய்ப்பொருள் இரண்டிலும் உண்டு.

"இது இருமலுக்குக் குடுக்கிற இலை" என்கிறான் சிறியவன். சந்தேகத்தோடு.

அரிந்து தூவியதும் மறந்துவிடுகிறான்.

*

நேபிள்ஸ் பீட்சாவுக்கு விதிகள் உண்டு. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்தது. வட்டமாக இருக்க வேண்டும். குறுக்களவு 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கட்டையால் தேய்க்கக்கூடாது, கையால்தான் விரிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களின் கைவேலையை 2017இல் யுனெஸ்கோவும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பூரிக்கட்டை அலமாரியிலேயே இருக்கிறது. அந்த ஒரு விதியை மட்டும் இங்கே காப்பாற்றுகிறோம்.

*

பெரியவள் நடுவிலிருந்து விளிம்புக்கு விரல்களால் தள்ளுகிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மாவு சுருங்குகிறது. கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி தள்ளுகிறாள். இப்போது சுருங்கவில்லை.

சிறியவனுடையது ஒரு பக்கமாக நீள்கிறது. பிறகு இன்னொரு பக்கம்.

"ஆமை."

நான்கு கால்களை இழுத்துவிடுகிறான். கால்கள் மெலிவு. வயிறு தடிப்பு. வயிறு வேகும் முன் கால் கருகும். எனக்குத் தெரிகிறது.

என் கை அவன் கைக்கு மேலே போகிறது. காற்றில் நிற்கிறது. இறங்கி மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது.

விளிம்பு குளிர்ந்திருக்கிறது.

ஆமைக்கு வாலும் வந்துவிட்டது.

*

வெங்காயம். குடைமிளகாய். சீஸ்.

துருவும்போதே பாதி சீஸ் வாய்க்குள் போகிறது. கொஞ்சம் சீஸ் போதும் என்பது என் கட்சி. இந்த வீட்டில் அதற்கு ஓட்டு இல்லை.

*

ஓவன் 250 டிகிரியில். அதற்கு மேல் முள் நகராது.

நேபிள்ஸ் விறகு அடுப்பின் தரை ஏறக்குறைய 485 டிகிரி. 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். இங்கே பன்னிரண்டு நிமிடம். இருவரும் கதவுக்கு முன்னால், ஓரடி தள்ளி, சம்மணமிட்டு உட்கார்கிறார்கள்.

கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம்.

முதல் நிமிடங்களில் மாவு கடைசியாக ஒருமுறை உப்புகிறது. சூடு ஏற ஏற ஈஸ்ட் வேகமெடுக்கிறது. உள்ளிருக்கும் வாயு விரிகிறது. பிறகு ஈஸ்ட் அடங்குகிறது. மாவு இறுகுகிறது. விளிம்பு எழுந்த உயரத்திலேயே நின்றுவிடுகிறது.

"ஆமை மூச்சு விடுது."

பெரியவள் திருத்தவில்லை.

*

வாசம் கூடத்துக்குப் போகிறது. கூடத்திலிருந்து திண்ணைக்கு.

சீஸின் மேல் பழுப்புப் புள்ளிகள். ஒன்று. பிறகு பல.

*

முன்கால் ஒன்று கருகியிருக்கிறது. வயிறும் வெந்திருக்கிறது.

சிறியவன் கருகிய காலைத்தான் முதலில் தின்கிறான். மொறுமொறுக்கும் சத்தம். நாக்கு சுடுகிறது. வாயைத் திறந்து காற்றை இழுக்கிறான், மெல்லுவதை நிறுத்தவில்லை.

ஆச்சிக்குச் சீஸ் ஆகாது. விளிம்பை மட்டும் பிய்த்து, சாயாவில் முக்கிச் சாப்பிடுகிறார். இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுகிறார்.

*

"அந்த ஈஸ்ட்டு இப்ப எங்க?"

நான் தட்டைப் பார்க்கிறேன்.

பெரியவள் தன் துண்டைத் திருப்பி ஓரத்தைக் காட்டுகிறாள். வெண்மைக்குள் ஓட்டைகள். சிறிதும் பெரிதுமாக.

"இங்கதான் இருந்துச்சு."

அவன் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்க்கிறான். தின்கிறான்.

*

தட்டுகள் கழுவியாயிற்று. கடைவாயில் தக்காளிப் புளிப்பு இன்னும் இருக்கிறது. நகத்தின் அடியில் காய்ந்த மாவு. எடுக்கவில்லை.

*

அரைக் கிலோ மாவில் நான்கு உருண்டைகள். மூன்று தீர்ந்தன. நான்காவது, மூடிய டப்பாவில், ஃபிரிட்ஜில் இருக்கிறது. 4 டிகிரியில் ஈஸ்ட் சாவதில்லை, மெதுவாகிறது. மூன்று நாள் வரை மாவு தாங்கும். மறுநாள் சுட்டால் ருசி கூடுதல்.