யார் பாடுவதை நிறுத்தினார்கள்?

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு கிறிஸ்தவ நண்பர் உண்டு. அவருடைய சபையில் ஒரு வழக்கு. பழைய ஞானப்பாட்டும் கீர்த்தனையும் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். கிட்டாரும் டிரம்மும் வேண்டும் என்கிறார்கள் வாலிபர்கள்.

பழையது என்கிறோமே, எவ்வளவு பழையது? ஞானப்பாட்டு மெட்டுகளில் பல ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவை. நெல்லையில் 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கீர்த்தனை பாடியபோது அதுவே புதுமை. மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்டு வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அன்றைய புதுமைக்குத்தான் இன்றைய பெரியவர்கள் காவல் நிற்கிறார்கள்!

இந்த நினைவோடு மார்கழியில் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கே கோஷ்டியார் திருப்பாவையை ஒரே குரலாகச் சேவித்தார்கள். திருநாளில் அரையர் குல்லாய் அணிந்து, தாளம் தட்டி, அபிநயத்தோடு பாசுரம் பாடுவதும் அவ்வூர் வழக்கம். வெளியே ஒலிபெருக்கியில் அதே திருப்பாவை, கச்சேரி பாணியில். முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஆண்டாள் எதற்கும் ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். தூணோரம் நின்ற ஒரு பாட்டி கோஷ்டியோடு கூடவே முணுமுணுத்தாள். வெளியே வந்தாள்; ஒலிபெருக்கியின் சங்கதிகளைத் தொடர முடியாமல் வாயை மூடிக்கொண்டாள். பாட்டு அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு அதில் இடமில்லை.

திரும்பி வந்து நண்பரிடம் சொன்னேன்: "கிட்டார் வரட்டும். வந்த அன்று கடைசி வரிசையில் யார் பாடுவதை நிறுத்தினார்கள் என்று மட்டும் பாருங்கள்."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பார்த்தாகிவிட்டது. என் அம்மா" என்றார்.