உடைக்கப்படும் அச்சு

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின்மேல் முதலில் பூசுவது காவிரியின் மெல்லிய வண்டல் மண். மெழுகில் இழைத்த நுண்ணிய கோடுகளையும் அது பதிந்துகொள்ளும். மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, அது ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் ஒரே அச்சில் இரண்டு சிலைகள் பிறப்பதில்லை. மண்ணின் பதம் அறிந்த கைதான் இங்கே முதல் கருவி. அந்த அறிவு குலத்தொழிலாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக்கூடம், வெளியாருக்கும் மண்வேலையைக் கற்பித்தது. 'வார வகுப்பில் மண்வேலை கற்று யார் கலைஞராவார்?' என்று கேட்கலாம். பலர் ஆகமாட்டார்கள்தான். ஆனால் கோணல் கிண்ணம் ஒன்றை வனைந்து பார்த்தவருக்குக் கைவேலையின் விலை புரியும். பேரம் பேச நா எழாது. கைத்தொழில் பிழைக்க, செய்பவரோடு தரமறிந்து வாங்குபவரும் வேண்டும்.