கவிமடலும் சோடாக்கடையும்

கோவையில் 1971இல் தொடங்கிய ‘வானம்பாடி’, விலையின்றி வழங்கப்பட்டதால் ‘விலையிலாக் கவிமடல்’ எனத் தன்னை அழைத்துக்கொண்ட புதுக்கவிதை ஏடாகும். பள்ளி ஆசிரியர்களான புவியரசும் ஞானியும், பொள்ளாச்சிக் கல்லூரிப் பேராசிரியர் சிற்பியும் அதில் ஒன்றுகூடினர். பின்னாளில் நீரிழிவால் பார்வையை இழந்த ஞானி, பிறர் வாசிக்கக் கேட்டும், தாம் சொல்லப் பிறரை எழுதச் செய்தும் திறனாய்வைத் தொடர்ந்தது வணங்கத்தக்க உழைப்பு. கொங்கின் கதையுலகமோ வகுப்பறைக்கு வெளியிலும் வேர்கொண்டது: திருச்செங்கோட்டுத் திரையரங்கில் தந்தை நடத்திய சோடாக்கடையின் சூழலில் வளர்ந்த பெருமாள்முருகன், வட்டார வழக்கை, அதாவது ஒரு நிலப்பகுதிக்கே உரிய பேச்சை, கதைமொழியாக்கினார்; நாஞ்சில் நாட்டில் பிறந்து, பிழைப்புக்காக மும்பையில் பல்லாண்டு வாழ்ந்து, கோவையில் குடியேறிய நாஞ்சில் நாடனுக்குச் ‘சூடிய பூ சூடற்க’ சிறுகதைத் தொகுப்பிற்காக 2010ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.