ஆகாபின் குதிரைகளும் ஒபதியாவின் தண்ணீரும்

 

1 இராஜாக்கள் 18-ம் அதிகாரத்தை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! கர்மேல் பர்வதம், வானத்திலிருந்து இறங்கின அக்கினி, கடலிலிருந்து எழும்பின சின்ன மேகம், பெருமழை. பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு அது ருசியான அதிகாரம். நானும் அதை அநேகந்தரம் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் மழை வருவது 45-ம் வசனத்தில். அதற்கு நாற்பது வசனத்துக்கு முன்னாலேயே, 4-ம் 5-ம் வசனங்களில், மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீர் யாருக்குப் போயிற்று என்று வேதம் எழுதிவைத்திருக்கிறது. அந்த இரண்டு வசனத்தைத்தான் இந்த மாதம் உங்களோடு தியானிக்கப் போகிறேன்.

சமாரியாவிலே கொடிய பஞ்சம். ராஜா ஆகாப் தன் அரமனை விசாரிப்புக்காரன் ஒபதியாவைக் கூப்பிடுகிறான். தேசத்திலுள்ள எல்லா நீரூற்றுகளையும் ஆறுகளையும் போய்ப் பார்ப்போம் என்கிறான். எதற்கு? ஜனங்கள் தாகத்தால் சாகிறார்களே என்றா? இல்லை. குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சாகக்கூடாது, அவைகளுக்குப் புல் வேண்டும் என்று! ராஜாவே ஒரு வழியாய்ப் போகிறான், ஒபதியாவை இன்னொரு வழியாய் அனுப்புகிறான்.

ஆகாபின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை நாம் மறைக்க வேண்டாம். அசீரியா ராஜா மூன்றாம் சல்மனாசார் பொறித்துவைத்த கல் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 853-ல் நடந்த யுத்தத்தில் ஆகாப் 2000 இரதங்களோடு வந்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அத்தனை இரதத்துக்கும் குதிரை வேண்டும். குதிரை செத்தால் ராஜ்யத்துக்குப் பாதுகாப்பு ஏது? அவன் மந்திரிகள் இப்படித்தான் பேசியிருப்பார்கள். தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிற எவனும் காரணமில்லாமல் இழுப்பதில்லை, பிரியமானவர்களே!

இப்போது 4-ம் வசனத்தைப் பாருங்கள். யேசபேல் கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைக் கொன்றபோது, இதே ஒபதியா நூறு பேரைச் சேர்த்து, ஐம்பது ஐம்பது பேராகக் கெபிகளில் ஒளித்துவைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துப் பராமரித்தான். குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். நூறு பேருக்கு 300 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடத்தில் 20 குடம்! பஞ்ச காலத்திலே, யேசபேலின் கண்ணுக்குத் தப்பி, தினமும் 20 குடம் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். எந்தக் கிணற்றில் எடுத்தான், யாரை வைத்துச் சுமந்தான் என்று வேதம் சொல்லவில்லை. ஒரே அரமனை, ஒரே வறட்சி. ராஜா குதிரைக்குத் தேடுகிறான். அவன் வேலைக்காரன் கெபிக்குள் கிடக்கிறவனுக்குக் கொண்டுபோகிறான்.

இதை நம் பட்டணத்தில் நாமே கண்ணால் கண்டோம். 2018-ல் வடகிழக்குப் பருவமழை சென்னைக்கு வழக்கமாய்ப் பெய்வதில் பாதிகூடப் பெய்யவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நாலு ஏரியிலும் சேர்த்து, கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்குள் தரை பாளம் பாளமாய் வெடித்திருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னே, 2015 டிசம்பரில், இதே பட்டணம் வெள்ளத்தில் மூழ்கினது! ஹோட்டல்கள் மத்தியான சாப்பாட்டை நிறுத்தின. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வேலைக்காரர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. தனியார் லாரிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளில் இரவும் பகலும் உறிஞ்சி வந்து, பணம் உள்ளவன் சம்ப்பில் இறக்கின. அந்தக் கிராமத்துப் பெண்கள் என்ன குடித்தார்கள் என்று கேட்பார் இல்லை.

அந்த வருஷம் ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து நின்றது. 50 டேங்கர் வேகன், 25 லட்சம் லிட்டர். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றோம். ஆனால் அப்போது நாளுக்கு ஏறக்குறைய 83 கோடி லிட்டர் தேவைப்பட்ட பட்டணத்துக்கு அது எம்மாத்திரம்? அந்தத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது. எங்களுக்கே குடிக்க இல்லையே, எங்கள் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகிறீர்களே என்று அந்தப் பக்கத்தில் எதிர்ப்பு எழும்பினது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியும் அப்படித்தான். அது வயலுக்கென்று வெட்டின ஏரி. 2004 முதல் அதிலிருந்து சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. நாம் குழாயைத் திறக்கும்போது ஒரு விவசாயியின் நாற்றங்காலையும் சேர்த்துத்தான் திறக்கிறோம்.

"பாஸ்டர், இதெல்லாம் கவர்மெண்ட் சமாச்சாரம், நாம ஜெபம் பண்ணுவோம்" என்று சிலர் சொல்லலாம். ஜெபிப்போம்! யாக்கோபு தன் நிருபத்தில் எலியாவின் ஜெபத்தை எடுத்துக்காட்டியல்லவா நம்மை ஜெபிக்கச் சொல்கிறார்? ஆனால் நான் கேட்கிறேன், தெருக் குழாய் லைனிலே மோட்டார் போட்டு இழுக்கிற விசுவாசி எழுப்புதல் மழைக்காக எப்படிக் கையை உயர்த்த முடியும்? கோபப்படாதீர்கள். நம் சபையாரின் வீடுகளிலும் அந்த மோட்டார் இருக்கிறது. நீ ஸ்விட்சைத் தட்டுகிற அந்த நிமிஷம், தெருக்கோடியில் குடத்தை வைத்துக் காத்திருக்கிற அம்மாவுக்குக் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது. உன் தொட்டி நிரம்பி மேலே வழிகிறது. நீ உள்ளே உட்கார்ந்து அந்நியபாஷையில் ஜெபிக்கிறாய். அது ஆகாபின் குதிரை, தேவபிள்ளையே! தயவுசெய்து அதைக் கழற்றிவிடு.

2019-ல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஒரு சகோதரி ஒவ்வொரு வாரமும் தாமதமாய் வருவார்கள். சேலை முந்தானை நனைந்திருக்கும். சிலர் முணுமுணுத்தார்கள். "லாரி எப்ப வரும்னு தெரியலை ஐயா. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் நான்தான் பிடிச்சுக் குடுக்கணும், அவங்களால குடம் தூக்க முடியாது" என்றார்கள் அந்தச் சகோதரி. பாட்டி நம் சபை அல்ல. கோயிலுக்குப் போகிறவர்கள். சொல்லுங்கள், அந்தக் காலை நேரத்திலே ஒபதியாவின் ஊழியத்தைச் செய்தது யார்? சாறிபாத் விதவையையும் நினைத்துப் பாருங்கள். கேரீத் ஆறு வற்றிப்போய் எலியா அங்கே வந்து முதலில் கேட்டது தண்ணீர்தான். அந்நிய தேசத்தான், அந்நிய தேவனைச் சேவிக்கிறவன் என்று தெரிந்தும் அவள் பேசாமல் கொண்டுவரப் போனாள். அப்பம் கேட்டபோதுதான் தன் குறைவைச் சொன்னாள். மாவும் எண்ணெயும் குறையாத அற்புதத்தைப் பேசுகிற நாம், அதற்கு முன்னே அவள் தண்ணீருக்காக எடுத்துவைத்த அந்த நாலு அடியை விட்டுவிடுகிறோம்.

இனி நம் சபை காரியம். காம்பவுண்டுக்குள் உள்ள போர் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், குடிக்க ஆகாது. துவைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க ஆகும். 2019 வெயிலிலும் அது வற்றவில்லை, கலங்கலாய் வந்துகொண்டிருந்தது. அப்போது கேட்டுக்கு மேலாக ஓஸ் பைப் போட்டுக் கொடுத்தோம். நெரிசலும் சண்டையும் வந்தது. ஆகவே வருகிற வெயில் காலத்துக்கு முன்னே, சுவருக்கு வெளிப்பக்கம் முறையாகக் குழாய் வைக்க வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். எல்லாரும் சம்மதிக்கவில்லை. ஒரு மூத்த சகோதரர் நேர்மையாய்க் கேட்டார்: "போர் வற்றிப்போனா ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணிக்கு எங்க போறது? எலியாவே பஞ்சத்துல பலிபீடத்து மேல நாலு குடம், மூணு தரம், பன்னிரண்டு குடம் ஊத்தினாரே, கர்த்தருடைய காரியம்தானே முதல்ல?"

நல்ல கேள்வி. எலியா ஊற்றினது கர்த்தருடைய வார்த்தையின்படி, ஒரே தரம், மழை வரப்போகிற அன்றைக்கு. அதற்கு முன்னே எத்தனையோ நாளாய் ஒபதியாவின் தண்ணீர் கெபிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுவும் கர்த்தருடைய காரியம்தான். தொட்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 2019 ஜூனில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தவர்களை எண்ணூர் கடலுக்கு அழைத்துப்போனோமே! அலை அடித்து என்னையே தள்ளினது, இரண்டு வாலிபர் பிடித்துக்கொண்டார்கள். கடலுக்குப் பஞ்சம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கும் போக முடியாதது தெருவிலே குடத்தோடு நிற்கிறவர்கள்தான்.

யாக்கோபு ஆரானிலே கண்ட கிணற்றின் வாயில் ஒரு பெரிய கல் இருந்தது. எல்லா மந்தைகளும் சேர்ந்த பிறகுதான் அதைப் புரட்டுவார்கள், முதலில் வந்தவன் முழுவதையும் எடுத்துவிட முடியாது. அந்த முறையைத்தான் நாமும் வைத்துக்கொள்வோம். காலை 6 முதல் 8, மாலை 5 முதல் 6. ஒரு சுற்றில் வீட்டுக்கு நாலு குடம், எல்லாரும் பிடித்த பிறகு மிச்சமிருந்தால் இரண்டாம் சுற்று. எந்த மதம், எந்தச் சபை என்று யாரையும் கேட்கக் கூடாது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்களிடம் கைப்பிரதியும் கொடுக்க வேண்டாம். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

ஆலயத்து மொட்டை மாடியிலிருந்து வருகிற மழைநீர்க் குழாயின் குழி மண்ணும் இலையுமாய் அடைத்துக் கிடக்கிறது. 2003-ல் கட்டாயமாக்கினபோது வெட்டின குழி. எடுக்கிற போருக்குத் திரும்பக் கொடுக்க வேண்டாமா? மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் அதைத் தூர்வாருகிறோம். மண்வெட்டியும் பாண்டும் வீட்டில் உள்ளவர்கள் எடுத்துவாருங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கம்போல 10 மணிக்கு. ஜெபத்தின் நடுவிலே லாரி வந்தால் எழுந்து போய்ப் பிடித்துவிட்டு வாருங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழாயடியில் நின்று மோட்டார் போட இரண்டு பொறுமையுள்ள வாலிபர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் கொடுங்கள்.