சடங்கை விட்டவர் மரபையும் விட்டாரா?

எங்கள் ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நேருவின் முனைப்பில் நிறைவேறியது. அதற்கு ஏழு மாதம் முன்பு, 1954 ஜூன் 21 தேதியிட்ட உயிலில், தமக்குச் சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று அவர் எழுதினார். நம்பாததற்குப் பெயரளவில் உட்படுவதும் பாசாங்கு என்பது அவர் கருத்து. ஆனாலும் ஒரு பிடி சாம்பலைக் கங்கையில் கரைக்கச் சொன்னார். அதில் சமய நோக்கம் இல்லை என்றும் தெளிவாக்கினார்.

நான் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரரைப் பிரதோஷம் தவறாமல் கும்பிடுகிறவன். கோயில் மண்டபத்தில் ஒருவர், “கங்கையைக் கேட்டாரே, உள்ளுக்குள் பக்தர்தான்” என்பார். இன்னொருவர், “சடங்கே வேண்டாமென்றவருக்கு இந்த மரபில் என்ன பங்கு?” என்பார். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

கோயிலுக்குப் போகாதது மட்டும் யாருடைய மனதுக்கும் சாட்சியாகாது. மூட்டுவலியால் வீட்டோடு இருக்கும் என் அக்காவின் பக்தி குறைந்தா போயிற்று? நேரு விஷயத்தில் ஊகமே தேவையில்லை. சடங்கை நம்பவில்லை என்றார். முன்னோரோடு பிணைக்கும் சங்கிலியை அறுக்க மனமில்லை என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

1964 மே மாதம் இந்து முறைப்படி அவருக்கு எரியூட்டினார்கள். அது இருந்தவர்களின் முடிவு. அவர் நம்பிக்கைக்கு அத்தாட்சி அல்ல. பொய்யாகக் கும்பிட மறுத்தவரின் சொல்லை மதிப்பது, மெய்யாகக் கும்பிடுகிறவனின் கடமை.