துவாதசி இல்லாத விரதம்

கடையநல்லூரில் உத்ஸவத்தை ஸேவிக்கத் திரண்டு வந்திருக்கும் அடியார்களுக்கு உபவாஸத்தின் பெருமையை நாங்கள் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. உண்ணாமையே ஒரு வியாதியாகவும் கூடும் என்பதைச் சொன்னதில்லை. அடியேனுக்கே அது காலந்தாழ்ந்துதான் விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு சனிக்கிழமைதோறும் ஒரு குடும்பத்தார் ஸேவிக்க வருவர். அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பதினாறு வயது. ஏகாதசி, சனி, வியாழன் என்று விரதங்களைக் கூட்டிக்கொண்டே போனாள். ததியோன்னம் கொடுத்தால் ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மற்றதைத் தம்பியிடம் தந்துவிடுவாள். "இந்த வயதில் என்ன வைராக்கியம்!" என்று அவள் தாயார் எதிரிலேயே அடியேன் புகழ்ந்தேன். அடுத்த மார்கழியில் அவள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் செய்தி வந்தது. தன் உடல் பருத்துவிட்டதென்று அஞ்சியே அவள் உண்ணாதிருந்தாளாம். தீர்த்தம் சாதிக்கும்போதெல்லாம் எலும்பு தெரிந்த அந்தக் கையைப் பார்த்தவன் அடியேன்.

இந்நோய்க்கு லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று பெயரிட்டார். உடல் மெலிய மெலிய, பருத்திருக்கிறோம் என்னும் எண்ணம் வலுக்கும். பீஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டுகளில் அங்குள்ள பள்ளிச் சிறுமியருள் சிலர் இளைப்பதற்காக உண்டதை வாந்தியெடுக்கத் தொடங்கியிருந்தனர். நம் மலைக்கு அப்பால் கேரளத்தில், 2025 மார்ச் மாதத்தில், எடை கூடுமென்று அஞ்சி உணவை ஒதுக்கிவந்த 18 வயது மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். அலங்காரமானதும் பெருமாளுக்குக் கண்ணாடி காட்டுகிறோம். ஒரு கணம் காட்டி எடுத்துவிடுகிறோம். இக்காலத்துக் குழந்தைகளின் கையிலோ கண்ணாடி இரவும் பகலும் இருக்கிறது.

அப்படியானால் விரதம் எது, வியாதி எது? 'உப' என்றால் அருகில், 'வாஸம்' என்றால் இருத்தல். பகவானுக்கு அருகில் இருப்பதே உபவாஸம். நோயுற்றவளின் நினைவோ நாள் முழுதும் தன் வயிற்றையும் தட்டையும் விட்டு நகராது. மேலும், விரதத்திற்கு முடிவு உண்டு. ஏகாதசியன்று உண்பதைப் போலவே துவாதசிக்குள் பாரணை செய்யாமையும் தோஷம். பாகவதத்தில் அம்பரீஷ மஹாராஜா, நீராடச் சென்ற துர்வாஸர் திரும்புவதற்குள் துவாதசி கழிந்துவிடுமே என்று தீர்த்தத்தையாவது பருகி விரதத்தை முடித்தார்; முனிவரின் கோபத்தைக் காட்டிலும் பாரணை தவறுவதற்கே அவர் அதிகம் அஞ்சினார். சாஸ்திரம் எட்டு வயதுக்கு உட்பட்டவர், எண்பதைக் கடந்தவர், நோயாளி ஆகியோருக்கு விலக்கும் அளித்திருக்கிறது. அந்தப் பெண்ணின் விரதத்துக்குத் துவாதசியே வரவில்லை.

உடலின் பசியையும் நிறைவையும் கேட்டு உண்க என்னும் முறையை எவெலின் டிரிபோல், எலிஸ் ரெஷ் என்னும் இரு அமெரிக்க உணவியலாளர் 1995இல் நூலாக எழுதினர். மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளியதற்கு இது அயலன்று. நல்ல முறைதான். ஆயினும் நோயின் உச்சத்தில் இதை மருந்தாகக் கொள்வது பிழை. நெடுநாள் பட்டினியில் பசியின் குரலே மாறிவிடுகிறது. பசிக்கட்டும் என்று விட்டிருந்தால் அப்பெண் காத்துக்கொண்டே இருந்திருப்பாள். மருத்துவர்கள் மணிக்கணக்கு வைத்துச் சிறுகச் சிறுக உணவு கொடுத்தார்கள். வற்றிய உடலுக்குத் திடீரென்று மிகுதியாக ஊட்டுவதும் உயிருக்கு ஆபத்து என்பதை அப்போதுதான் அறிந்தேன். பசி அவளுக்குத் தானாக வர ஓராண்டுக்கு மேலாயிற்று.

இப்பொழுது விரதம் என்று சொல்லி ப்ரஸாதத்தை மறுக்கும் பிள்ளைகளை அடியேன் புகழ்வதில்லை. "பாரணைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறேன். நெல்லிக்காய், அகத்திக்கீரை, சுண்டைக்காய் என்று உடனே சொல்லிவிட்டால் கவலையில்லை. பதில் தயங்கினால் தாயாரைத் தனியே அழைத்து, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.